விரல் பதித்த கைத்தடி

ஜனவரி 4, சனி

புது டைரியின் முதல் பக்கம் பெயரும் தொழிலும் கேட்கிறது. நாச்சிமுத்து, பேட்டன் மேக்கர், கணபதி, கோவை என்று எழுதினேன். ‘ஓய்வு’ என்று சேர்க்கக் கை வரவில்லை. பேட்டன் என்றால் சட்டைத் துணி டிசைனா என்று கேட்ட ஆட்களைப் பார்த்து ஆடிப்போயிருக்கிறேன். பம்ப் செட்டுக்கு இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் மண்ணில் அச்சுப் பதிக்க வேண்டும். அதற்காக மரத்தில் செதுக்குகிற மாதிரிதான் பேட்டன். பவுண்டரியில் என் கையால் போன ஒன்றுகூட இடம் வலம் மாறி வந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, மேனேஜரே சொன்னது.

இன்று கார் ஷெட்டைக் காலி செய்தேன். எங்களிடம் எந்தக் காலத்திலும் கார் இருந்ததில்லை. உள்ளே நின்றதெல்லாம் பக்கத்து வீட்டு பேபியின் ஓடாத ஸ்கூட்டிதான். எடுக்கச் சொன்னதற்கு, “ஏனுங்ணா, குச்சி சீவறதுக்கா இத்தன எடம்?” என்று கேட்டாள். குச்சியாம்!

ஆகஸ்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து துளசிக்கு வலது இடுப்பு எலும்பு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். வாக்கரை விட்டதும் நானே ஒரு கைத்தடி செய்து கொடுத்தேன். அதைத் தெருவில் பார்த்து நாலு பேர் கேட்கப் போய்த்தான் இந்தப் பட்டறை. மார்ச்சில் செக்கப். நடை இப்படியே சாய்ந்து வந்தால் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எங்கள் இருவர் முன்னாலும் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மரத்தைக் கவ்விப் பிடிக்கிற வைஸைப் பொருத்தியாகிவிட்டது. ஏற்காட்டிலிருந்து ஒரு கட்டு காப்பிக் கம்பு வந்தது. பட்டையை உரித்தால் தந்தம் மாதிரி மின்னுகிறது. பிடிக்கு வேங்கை மரம்.

கைத்தடி என்று கடையில் விற்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வளைத்த இரும்புக் குழாய், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. எல்லோர் கையும் ஒரே கையா? என் முறை வேறு. ஆளைச் செருப்போடு நிறுத்தி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரைக்கும் அளப்பேன். அதன்பிறகு கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவை உருட்டி உள்ளங்கையில் கொடுத்து, ஊன்றுவதுபோல் இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். அஞ்சு விரலும் பதிந்துவிடும். அதைப் பார்த்து வேங்கையில் அப்படியே இறக்குவேன். விரல் ஒவ்வொன்றும் அதனதன் குழியில் போய் உட்கார வேண்டும். அடுத்தவர் அதைப் பிடித்தால் நிற்காது. வலது கைக்குச் செய்தது இடது கைக்குச் சுத்தமாகச் சேராது.

மாவு டப்பா காலி என்று துளசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 9, வியாழன்

முதல் ஆர்டர். ரிட்டயர்டு கண்டக்டர் சென்னியப்பண்ணன். இடது முட்டி தேய்ந்துபோயிருக்கிறது.

“எந்தக் காலுங்ணா?”

“எடது காலு தம்பி.”

இடது கையில் மாவைக் கொடுத்தேன். அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே துளசி சமையலறையிலிருந்து வந்து, “ஏனுங்க, ஒரு நிமிசம்” என்றாள். மாவு அசைந்தால் அச்சுக் கெட்டுவிடும். கையைக் காட்டி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் என்னவென்று கேட்க மறந்துவிட்டேன். சக்கரையோ காப்பித்தூளோ தீர்ந்திருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வைஸுக்கும் உளிகளுக்கும் சந்தனம் வைத்தேன். துளசியால் குனிய முடியாததால் பேபி வந்து கோலம் போட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் தூக்கிவாரிப் போட்டது. பட்டறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், துளசி தடியை இடது கையில் பிடித்துக்கொண்டு துணிக்கொடியை நோக்கி நடக்கிறாள். நான் மாங்கு மாங்கென்று இழைத்து இறக்கிய பிடி. கட்டைவிரல் குழியில் அவள் சுண்டுவிரல் கிடக்கிறது!

“துளசி! எந்தக் கால்ல அடி?”

“வலது காலுங்க.”

“அப்பத் தடி எங்க இருக்கோணும்?”

தடியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தபடியே நடந்தாள். தெருவில் யாராவது பார்த்தால் பேட்டன் மேக்கர் பெண்டாட்டிக்கு இடம் வலம் தெரியவில்லை என்று சிரிக்க மாட்டார்களா? அதையும் சொன்னேன்.

“சிரிக்கத்தான் சிரிப்பாங்க” என்றாள்.

ஜனவரி 25, சனி

சென்னியப்பண்ணன் தடி முடிந்தது. கையில் வாங்கியதும், “தம்பி, கைக்குள்ள கையி வெச்ச மாதிரி இருக்குது” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலும் மூன்று பேர் அளவு கொடுத்திருக்கிறார்கள்.

துளசிக்கு முதுகில் புது வலி. நடக்கும்போது வலது பக்கமாக ஒரேயடியாகச் சாய்கிறாள். தடி கட்டையாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, அடியில் ரப்பர் புஷ்ஷை மாற்றி உயரத்தைக் கூட்டினேன். “இப்ப எப்படி?” “இருக்குதுங்க.” அவள் இடது உள்ளங்கையில் காய்ப்பு. வலது கையில் இல்லை. அம்மிக்கல் வேலை இப்போது அவள் செய்வதில்லை. எங்கிருந்து வந்ததோ.

பிப்ரவரி 2, ஞாயிறு

பேபி வீட்டு வராந்தாவில் ஒரு அலுமினியக் கைத்தடி சாத்தியிருக்கிறது. என்னால் நம்பவே முடியவில்லை. சுவருக்கு இந்தப்பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப்பக்கம் மெடிக்கல் ஷாப் குழாய்! கேட்டே விட்டேன்.

“யாருக்கு பேபி?”

அவள் முழித்தாள். “எனக்குத்தானுங்ணா. முட்டி அப்பப்ப...”

அப்பப்பவாம். நேற்று மாடிப்படியில் தாவித் தாவி ஏறினாள். துளசியிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அவளுக்கு எது வசதியோ அத வாங்கியிருப்பாளுங்க. வுடுங்க” என்றாள். எனக்கு விட மனசு வரவில்லை. நாளெல்லாம் பேபியோடு பேசவில்லை.

பிப்ரவரி 8, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

நஸ்ரின் என்று ஒரு பெண் தன் அப்பாவுக்கு, அவர்கள் சொல்கிறபடி அத்தாவுக்கு, கைத்தடி கேட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்கிவிடுகிற பிசியோ வேலையாம். அத்தாவையும் கூட்டி வந்திருந்தது. வலது கால் பலமில்லை. நான் வழக்கம்போல் மாவை உருட்டி அவருடைய வலது கையில் வைத்தேன்.

“அங்கிள், இடது கைக்கு எடுங்க” என்றது.

“வலது கால்தானேம்மா முடியல?”

“அதனாலதான் அங்கிள் இடது கை.”

நான் சிரித்தேன். என் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது. சின்னப் பெண், அவசரத்தில் குழப்பிக்கொள்கிறது என்று நினைத்து, “ஒடைஞ்ச கட்டில் காலுக்கு முட்டுக் குடுக்கோணும்னா அந்தக் கால் பக்கத்துலதானம்மா குடுப்போம்?” என்றேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. “கட்டில் நடக்காதே அங்கிள். நீங்க கொஞ்சம் நடங்களேன். கையை வீசி, சாதாரணமா.”

ஷெட்டுக்குள் நடந்தேன்.

“வலது கால் முன்னால போறப்ப எந்தக் கை முன்னால போகுது?”

பார்த்தேன். இடது கை. திரும்பி நடந்தேன். இடது கை. வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தேன், தடுமாறிப் போய் வைஸில் இடித்துக்கொண்டேன். பிறந்து அறுபது வருடமாக இந்த உடம்போடு நடக்கிறேன், என் கை எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது!

“முடியாத கால் தரையில பதியறப்ப, எதிர்க்கை தடிய ஊன்றி பாரத்த வாங்கிக்கும். அதே பக்கம் புடிச்சா மொத்த உடம்பும் அந்தக் கால் மேலேயே சாயும் அங்கிள். இடுப்பும் முதுகும் போயிரும்.”

அப்போது துளசி டீ கொண்டு வந்தாள். வலது கையில் நான் செய்த தடி, இடது கையில் தட்டு, உடம்பு முழுக்க வலது பக்கம் சாய்ந்து. அந்தப் பெண் அவளைப் பார்த்தது, தடியைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது. டீயை வாங்கிக்கொண்டது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டதா என்று துளசி கேட்டாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மனசு ஒப்பவில்லை. ஒரு பெண் சொன்னால் ஆயிற்றா? காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தடி ஊன்றி வருகிறவர்களையெல்லாம் உற்றுப் பார்த்தேன். எந்தக் கை என்பது தெரிகிறது, எந்தக் கால் என்பது தெரியவில்லை. ஒரு பெரியவரின் பின்னாலேயே போய், “ஐயா, உங்களுக்கு எந்தக் கால் முடியாதுங்க?” என்று கேட்டேன். “எந்தக் காலா இருந்தா உனக்கென்ன? யார்ரா நீ?” என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்திருந்தது எதிர்க்கையில்தான்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

சென்னியப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. குளியலறையிலிருந்து வரும்போது விழுந்துவிட்டாராம்.

“தடி கையில இருந்துதுங்களா?” என்று கேட்டேன்.

“இருந்துது தம்பி. ஊன்ற ஊன்ற எடது பக்கமே இழுக்குது. ஆனா ஒண்ணு, தடி மேல குத்தம் சொல்ல மாட்டேன். அது ராசா மாதிரி இருக்குது. எங் காலுதான் அதுக்குப் பழக மாட்டீங்குது.”

திட்டியிருந்தால்கூட நின்றிருப்பேன். தடியை வாங்கிக்கொண்டு, தப்பு காலில் இல்லை என்று சொன்னேன். அவருக்குப் புரிய வைக்க அவர் வீட்டு ஹாலில் நான் கை வீசி நடந்து காட்ட வேண்டியிருந்தது. அவர் மருமகள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, பயந்தாளா, தெரியாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

துளசியிடம் சொல்லிவிட்டேன். சொன்னது நான்தான். ஆடிப்போனதும் நான்தான்.

அவள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“துளசி, ஒண்ணு சொல்லோணும். அந்தத் தடிய நீ எடது கையிலதான் புடிக்கோணுமாம்.”

“தெரியுமுங்க.”

கிள்ளுவதை நிறுத்தவில்லை. நான் சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன்.

“தெரியுமுங்க. ஆஸ்பத்திரிலயே சொல்லிக் குடுத்தாங்க. நீங்க மருந்துக்குக் கியூவுல நின்னுட்டிருந்தீங்க.”

“அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?”

இப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். “சொன்னேன். மொதோ நாளே சொன்னேன். ‘எனக்கா எடது வலது தெரியாது, சும்மா இரு புள்ள’ன்னீங்க. மாவு புடிக்கறப்பச் சொன்னேன், ‘ஆட்டாத’ன்னீங்க. சென்னியப்பண்ணன் வந்தன்னிக்கும் சொல்ல வந்தேன். கையைக் காட்டுனீங்க. நாய வெரட்டற மாதிரி.”

கடைசியாகச் சொன்னது நினைவிருக்கிறது. மற்ற இரண்டும் எனக்கு நினைவே இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அவள் குரல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

“கத்திச் சொல்லியிருக்கலாமில்ல துளசி? தடியத் தூக்கி மூஞ்சில எறிஞ்சிருக்கலாமில்ல?”

“எறிஞ்சிருக்கலாம். ரிட்டயர்டு ஆனதுல இருந்து நீங்க கம்பெனிக்குப் போற டைமுக்குச் சட்டையப் போட்டுட்டு, போறதுக்கு எடமில்லாம உக்காந்திருந்தீங்க. எனக்குத் தடி செய்ய ஆரம்பிச்ச பொறவுதான் தலைய நிமுத்திப் பேசுனீங்க. செரி, இருக்கட்டும்னு வுட்டேன். உங்க கண்ணு முன்னால வலது கை. தெருவுக்குப் போனா பேபி வீட்டுத் தடி.”

“பேபி வீட்டுத் தடியா? அந்த அலுமினியமா?”

“அது என்னுதுங்க. அவளுக்கெதுக்கு?”

நான் பேபியோடு பேசாமல் இருந்தது எதற்காக என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்து எவ்வளவு சிரித்திருப்பார்கள்! ஆனால் துளசி சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது, மெதுவாக, இத்தனை மாதமாக வராமல் இருந்த கோபம்.

“வலிச்சுதா?” என்று கேட்டேன்.

“வலிக்காமயா இருக்கும்?” அவரைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்தாள். “மணிக்கட்டுல இருந்து தரை வரைக்கும் அளந்தீங்க. விரல் விரலா அளந்தீங்க. நகம் எவ்வளவு நீட்டிட்டிருக்குதுன்னுகூடப் பாத்தீங்க. எந்தக் கைக்கு வேணும் துளசின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

எழுந்து உள்ளே போனாள். தடி இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது கையால்.

பிப்ரவரி 12, புதன்

பட்டறை திறக்கவில்லை. துளசி சாப்பாடு போட்டு வைத்துவிட்டு பேபி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சென்னியப்பண்ணனுக்குப் பிறகு கொடுத்த மூன்று தடிகளையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினேன். ஒருவர் அதைக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தார். ஊன்றியதே இல்லையாம். இன்னொருவர் நாய் விரட்டத்தான் வைத்திருக்கிறார். இப்படி ஒரு செய்தி கேட்டு ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் எனக்கு நெஞ்சே அடைத்திருக்கும். இன்று அவர்களைக் கட்டிப் பிடிக்கத் தோன்றியது.

துளசி இப்போது வீட்டுக்குள்ளும் அலுமினியத் தடியோடு நடக்கிறாள். டைல்ஸில் டக் டக் என்று சத்தம். என் காதுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஆனால் சாய்மானம் குறைந்திருக்கிறது. கண்ணால் பார்க்கிறேன், இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 20, வியாழன்

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, மாவு உருண்டையோடு அவள் முன்னால் போய் நின்றேன். “துளசி, எடது கைக்கு ஒண்ணு செஞ்சு தரட்டுமா?”

மாவைப் பார்த்தாள். “சப்பாத்திக்கு வெச்சிருந்தது.”

நான் போகவில்லை.

“விரல் குழி வேண்டாமுங்க” என்றாள் கடைசியில். “வழவழன்னு உருண்டையா ஒரு பிடி. எந்தக் கையில வேணும்னாலும் புடிக்கற மாதிரி. ஒரு கை ஓஞ்சா மாத்திப் புடிப்பேன், என் இஷ்டத்துக்குப் புடிப்பேன். அப்படிச் செய்யறதா இருந்தாச் செய்யுங்க.”

குழியே இல்லாத பிடி! அதற்கு நான் எதற்கு? எந்தக் கடைசல்காரனும் அரை மணியில் உருட்டிக் கொடுத்துவிடுவானே என்று வாய் வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

பிப்ரவரி 26, புதன்

உருண்டை வரவில்லை. கை தன்னாலேயே கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் இழைத்துவிடுகிறது. இரண்டு வேங்கைத் துண்டு வீண்.

மார்ச் 6, வியாழன்

செக்கப். துளசி அலுமினியத் தடியோடு டாக்டர் அறையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து காட்டினாள். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பார்த்தார். பிளேட் சரியாக இருக்கிறது, திறக்க வேண்டாம் என்றார். அப்படியே அழுதுவிட்டேன். அடுத்ததையும் அவரே சொன்னார். நடுவில் சில மாதம் தப்பாகச் சாய்ந்து நடந்ததில் முதுகுத் தசை கெட்டிருக்கிறதாம். அந்த நொண்டல் முழுசாகப் போகுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

“தடி புடிக்க யாரும்மா தப்பாச் சொல்லிக் குடுத்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள், “வீட்டுல பழக்கம் இல்லீங்க டாக்டர், மாத்திப் புடிச்சுட்டேன்” என்று துளசி சொன்னாள்.

“இல்லீங்க டாக்டர், நான்தான்” என்றேன். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. துளசி நிமிர்ந்து பார்த்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

பிடி முடிந்தது. பள்ளம் இல்லை, மேடு இல்லை. உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். எந்தப் பக்கம் இடது, எந்தப் பக்கம் வலது என்று எனக்கே தெரியவில்லை. இப்படி ஒன்றை நான் வாழ்நாளில் செய்ததில்லை.

துளசியிடம் கொடுத்தேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை. வலது கையில் பிடித்துப் பார்த்தாள், இடது கைக்கு மாற்றினாள், ஒருமுறை தரையில் தட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள்.

“எங்க போற?”

“நடக்க.”

“நானும் வரட்டுமா?”

“வாங்க.”

தெருவில் இறங்கி அவள் இடது பக்கமாகப் போய் நடந்தேன். பாதித் தூரம் போன பிறகுதான் உறைத்தது. சட்டென்று நின்றுவிட்டேன். அவளும் நின்றாள்.

“எந்தப் பக்கம் வரட்டும் துளசி?”

என் முகத்தையே பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது, நடுத்தெருவில்.

“வலது பக்கம் வாங்க” என்றாள். “விழுந்தா அந்தப் பக்கந்தான் விழுவேன்.”

சுற்றிப் போய் வலது பக்கம் நடந்தேன்.